பிறந்த தேதிப்படி

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்று, தன் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருக்கிறது என்றார். இறந்த தேதி அவருக்கு நினைவில்லை. பிறந்த தேதியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தேடச் சுலபமாக இருக்கட்டுமே என்று அவள் கணினியில் அந்த மாதத்துப் பட்டியலைத் திறந்து, பிறந்த தேதி என்ற தலைப்பின் மேல் சொடுக்கினாள்.

பட்டியல் அசையவில்லை.

இறந்த நாள் வரிசையில் இருப்பவர்களைப் பிறந்த நாள் வரிசைக்கு மாற்றச் சொன்னால், கலைத்த சீட்டுக்கட்டைப் போல வரிகள் மேலும் கீழும் தாவி இடம் மாறும். வழக்கம் அது. இன்று ஒரு வரிகூட இடம்பெயரவில்லை. இயந்திரம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மறுபடி சொடுக்கினாள். பட்டியல் தலைகீழாகத் திரும்பியது. இன்னொரு முறை. பழையபடி ஆனது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. யார் முதலில் பிறந்தாரோ அவர் முதலில் இறந்திருந்தார். அவருக்கு அடுத்துப் பிறந்தவர் அவருக்கு அடுத்து.

எழுத்தைத் திருத்தி ஆளை அனுப்பிவிட்டு, விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். மின்விசிறி தலைக்கு மேல் கிரீச்சிட்டது. பழைய பேரேடுகளின் புழுதி வாசனையும், பக்கத்து மேசையில் யாரோ உரித்துத் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் வாசனையும் கலந்து வந்தன. பத்தொன்பது நாள். நாற்பத்தொரு பேர். முதலில் நூற்று மூன்று வயதுக் கிழவி, கடைசியில் நேற்றுச் செத்த தொண்ணூறு வயது ஓய்வுபெற்ற தபால்காரர். நடுவில் இளைய ஆள் ஒருவர்கூட இல்லை.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஓர் ஊர் எப்படிச் சாகும் என்பது அவளுக்கு மனப்பாடம். பெயர்கூட வைக்காத பிள்ளைகள் கொஞ்சம் பேர் முதல் வாரத்திலேயே வந்துவிடுவார்கள். ஐந்திலிருந்து பதினைந்து வரை ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. இருபதில் சாலையும் கயிறும். நாற்பதில் நெஞ்சு. ஐம்பதில் சர்க்கரை, சிறுநீரகம், கட்டி. அதற்கு மேல் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டம் இரண்டு மடங்காகும், எண்பதில் நெரிசல். ஆனால் இதெல்லாம் வருடக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். நாள்கணக்கில் பார்த்தால் தாறுமாறு. தொண்ணூறு வயதுக்காரருக்கு அடுத்த வரியில் நான்கு நாள் சிசு, அதற்கடுத்து புது மாப்பிள்ளை. அந்தத் தாறுமாறைத்தான் இத்தனை காலமும் சபித்துக்கொண்டே தட்டச்சு செய்திருந்தாள்.

தலைமை எழுத்தரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்லதுதானேம்மா" என்றார். "இந்த மாசம் குழந்தைச் சாவு ஒண்ணுகூட இல்லன்னு மேலிடத்துல பாராட்டி லெட்டர் வந்திருக்கு. வயசானவங்க வரிசையா போறாங்க. காலம் பூரா எல்லாரும் வேண்டிக்கிட்டது இதுதானே?"

"தற்செயலா இருக்குமா சார்?"

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, திரையில் தொண்ணூறு என்ற எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எங்கப்பாவுக்கு எண்பத்தொம்பது" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, தினமும் முதலில் வந்து முகத்தில் அறைகிற வாசனையே இன்றும் அறைந்தது. டெட்டாலும் பவுடரும் போட்டு மூடினாலும் அடியிலிருந்து கசிகிற, நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரைப் போன்ற இனிப்பு நாற்றம். முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவள் கணவர் கிடந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள் மட்டும் பழைய அளவில் இருந்தன. மற்றதெல்லாம் வற்றிவிட்டது. வயிற்றில் தொடங்கிய கட்டி ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் ஏறி இருந்தது. பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள் என்று பெரிய டாக்டர் சொல்லி இன்றோடு இருபத்திநாலு நாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் அவள் அம்மா உட்கார்ந்து, பாலை ஸ்பூனில் எடுத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு வயது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டாம். மகள் ஆபீஸுக்குப் போகும் எட்டு மணி நேரமும் மருமகனுக்குக் காவல் அவள்தான்.

"மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு வாய். மருந்துன்னு நெனச்சுக்கங்க."

பால் கடைவாய் வழியாக வழிந்தது. அவர் கண்ணை மட்டும் திருப்பினார்.

"கிளார்க்கம்மா வந்தாச்சா" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். "இன்னைக்கு எத்தன பேரு?"

"ரெண்டு."

"என் பேரு எப்ப?"

வழக்கமாக அவள், உங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் சான்றிதழ் தரமாட்டோம் என்று கேலியாக ஏதாவது சொல்வாள். அன்று அம்மாவின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணைத் துடைக்கும்போது அவர் மூச்சு நின்றது. இடுப்பெலும்பு வெள்ளையாகத் தெரிகிற அந்தப் புண்ணின் மேல் பஞ்சை வைத்தபடியே அவள் காத்திருந்தாள். ஓரிரு நிமிஷம் நின்று வருவது முன்பும் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிஷம். ஐந்து. உதடு நீலமானது. அழுகை வருவதற்கு முன்பே ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காக வெட்கப்பட்டாள். எட்டு. அம்மா அவர் கால்களைச் சேர்த்து நேராக்கினாள். பதினொன்று. மூடிவிடலாம் என்று அவள் அவர் கண்ணிமையில் கை வைத்தாள்.

இமைக்கு அடியில் விழி உருண்டது. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிறதைப் போன்ற சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது.

"இல்லியா?" என்றார் அவர். ஏமாந்த குரல்.

மறுநாள் வலி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் அவளுக்குப் பழக்கமான சிஸ்டர் ஒருத்தி உண்டு. மாதாமாதம் இறப்புப் படிவங்களைக் கட்டிக்கொண்டு வருகிறவள். அவள் முகம் பத்து வருஷம் கூடிக் கிடந்தது.

"மருந்து தீந்துபோச்சுக்கா. யாரும் போறதில்ல, பெட்டும் காலியாகறதில்ல. இருக்கறத எத்தன பேருக்குப் பிரிக்கறது?"

"போறதில்லன்னா?"

சிஸ்டர் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் ஆள் நடக்க ஒரு சாண் வழி. நடுப்பகல் வெயில் சரிந்து எல்லார் மேலும் விழுந்திருந்தது. இத்தனை நோயாளிகள் இருக்கிற இடத்தில் இருமல், முனகல், தண்ணீர் கேட்கும் குரல் எல்லாம் இருக்க வேண்டும். இங்கே ஈக்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"இந்தப் பையன் லாரியில மாட்டினவன். பதினாறு நாளாச்சு. நெஞ்சுல ஒண்ணுமே மிச்சமில்லக்கா. டாக்டர் ரெண்டு தடவ சர்டிபிகேட் எழுதினாரு. ரெண்டு தடவையும் கிழிச்சாரு." போர்வையைத் தூக்கிக் காட்டப் போனவளை அவள் தடுத்தாள். பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அஞ்சாம் மாசத்திலேயே விழுந்த பிள்ளை என்றாள் சிஸ்டர். உள்ளங்கை நீளம். தோல் வழியாக வெளிச்சம் தெரிந்தது. "வளரல. அழல. பாத்துக்கிட்டே இருக்கு" என்றவள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி டூட்டிக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க. பகல்லதான் எனக்கு அதிகமா பயமா இருக்கு. எல்லாம் தெளிவா தெரியுது."

ஆக, வரிசை ஒரு பக்கம். நோய் இன்னொரு பக்கம். இரண்டும் இனி ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. நோய் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. முடித்து வைக்கிறவன்தான் வேறெங்கோ, கையில் பிறந்த தேதிகளை வைத்துக்கொண்டு, நின்று நிதானமாக வந்துகொண்டிருந்தான்.

அலுவலகத்தில் அவள் ஊர்ப் பிறப்புப் பதிவேடுகளை எடுத்துவைத்துப் பட்டியல் போட்டாள். நாளுக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று. தலைமை எழுத்தரின் அப்பா போனார். முந்தின சாயங்காலம் வரை தோட்டத்தில் களை பிடுங்கியவர். ஒரு குடும்பம் தங்கள் பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. முறை வந்த அன்று காரிலேயே போனார். வேறெங்கோ எழுதப்பட்ட அந்தச் சான்றிதழும் சுற்றிவளைத்து அவள் மேசைக்கு வந்து, விட்டிருந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

கணவரின் ஐம்பத்தாறு வயதுக்கு வரிசை எப்போது வரும் என்று கூட்டிப் பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள். பதினோரு வருஷம்.

அப்போதுதான், தாமதமாகப் பதிவுக்கு வந்த பழைய படிவம் ஒன்றில் ஒரு பிசகு கண்ணில் பட்டது. தொண்ணூற்றைந்து வயதுக்காரர்களுக்கு நடுவில் தொண்ணூற்று மூன்று வயதுக்காரர் ஒருவர் செத்திருந்தார். ஒரே ஒருவர். ஒருவர் வரிசையை மீறி முந்திப் போக முடிந்ததென்றால் வழி இருக்கிறது. எப்படி முந்தினார் என்று தெரிந்தால் போதும். அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு, வெயிலில் மூன்று தெரு அலைந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். இறந்தவரின் மகன் கதவைத் திறந்தார்.

"உங்கப்பாவுக்கு முன்னாடியே உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"இல்லீங்களே. நல்லாத்தான் இருந்தார்."

"கடைசி நாள்ல வித்தியாசமா ஏதாவது செஞ்சாரா? மருந்து மாத்தினீங்களா? வேற எடத்துக்குப் போனாரா?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதிவு அலுவலகம் என்று சொன்னதால் வேறெதற்கோ வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. குரலைத் தணித்தார்.

"வயசு விஷயமா வந்திருக்கீங்களா? அது அப்ப வேலையில சேர்றதுக்காக ரெண்டு வயசு குறைச்சுப் போட்டதும்மா. எல்லாரும் செஞ்சதுதான். உண்மையில அவருக்குத் தொண்ணூத்தஞ்சு. இப்ப அதனால ஏதாவது சிக்கலா?"

அவள் கையில் எழுதியிருந்த முகவரியை அழித்தபடி படியிறங்கினாள். வரிசையில் பிசகே இல்லை. பிசகு காகிதத்தில்.

அன்று வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் எப்படி? அம்மாவுக்கு முன்னால் ஆறு பேர்தான் பாக்கி. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னறையிலிருந்து அந்தத் துருப்பிடித்த மூச்சு, நீண்ட இடைவெளி, மறுபடி மூச்சு.

"ரெண்டு மூணு நாளுன்னு சொல்றியா" என்றாள் அம்மா.

"ம்."

"எனக்கென்னடி, ஆண்டு அனுபவிச்சாச்சு. அவர நெனச்சாத்தான்..." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "பதினோரு வருஷம் இப்படியேவா கெடப்பாரு?"

"நான் பாத்துக்குவேன்மா. அவருக்கு அம்பத்தாறு, எனக்கு அம்பத்தி நாலு. அவர அனுப்பி வச்சுட்டுத்தான் என் முறை. எவ்வளவு அழுகினாலும் துடைக்க ஒரு ஆள் பக்கத்துல இருப்பேன்ல. அது போதும்."

அம்மாவின் கை தண்ணீரிலேயே நின்றது. குழாய் சொட்டியது.

"என்னம்மா?"

"மாப்பிள்ளை வீட்டுல சின்னப் பொண்ணாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க" என்றாள் அம்மா. திரும்பவில்லை. "உங்கப்பாதான் பள்ளிக்கூடத்துல சொல்லி, உனக்கு மூணு வயசு கொறச்சு எழுதி வாங்கினாரு. நல்ல எடம் தட்டிப் போயிடக் கூடாதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரார் தேதிகளையெல்லாம் இருபத்திரண்டு வருஷம் திருத்தியவள். ஐம்பத்தேழு. அவருக்கு முன்னால். அவள் போன பிறகு, அவர் தேதி வரும்வரை, கூட்டிப் பார்த்தால் முக்கால் வருஷம். அந்தக் கட்டிலில். பூட்டிய வீட்டில். புரட்டிப் போட ஆளில்லாமல்.

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லி என்னடி ஆகப் போகுது?" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. அம்மாவை உட்காரச் சொன்னாள், கேட்கவில்லை. அம்மா காலையில் துணி காயப்போட்டாள், தலை சீவிக்கொண்டாள், பதினொன்றரைக்குப் பாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பளீரென்று வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"மாப்பிள்ளை, வாயத் தெறங்க."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அவ்வளவுதான். வலியில்லை, முனகலில்லை, முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. ஸ்விட்சை அணைத்தது போல. எந்த நோயும் இல்லாத உடம்பு, முதுகு வளையாமல், உட்கார்ந்தபடியே. பால் ஸ்பூனிலிருந்து சிந்தவுமில்லை.

கட்டிலில் கிடந்தவர் அந்த முகத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இருந்தது துக்கமில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்த முகத்தில் ஒரு தடவைகூடக் காணாத ஒன்று. பொறாமை.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் வாசலோடு திரும்பினார்கள். நல்ல சாவு, கொடுத்துவைத்த சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் டாக்டர் முதுமை என்று எழுதியிருந்தார். அவளே தட்டச்சு செய்தாள்.

அதன் பிறகு வீட்டில் இரண்டே பேர். நாட்கள் போயின. அவர் இப்போது அரை மணிக்கு ஒரு தடவைதான் மூச்சு விட்டார். பிறகு அதுவும் குறைந்தது. விரல் நுனிகள் கறுத்தன. ஒரு நாள் துடைக்கும்போது இடது கை சுண்டுவிரல் துணியோடு வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது. அவள் துணியை மடித்து எடுத்துப் போவதைக் கண்ணாலேயே வாசல்வரை பின்தொடர்ந்தார்.

"கிளார்க்கம்மா" என்றார் அன்று. பேசுவதற்காக மட்டும் காற்றை உள்ளே இழுத்தார். "நீ... முயற்சி... பண்ணிப் பாரேன்."

"என்ன சொல்றீங்க?"

அவர் தலையணையைப் பார்த்தார்.

அவள் மாட்டேன் என்றாள். அன்று மாட்டேன். மறுநாளும் மாட்டேன். மூன்றாம் நாள் மதியம் கதவைத் தாழிட்டாள். ஜன்னலை மூடவில்லை, மூடினால் நாற்றம். அம்மா உட்கார்ந்திருந்த முக்காலியைக் காலால் தள்ளினாள். மன்னிச்சிடுங்க என்றாள். தலையணையை வைத்தாள். மேலே முழு உடம்பின் பாரத்தையும் போட்டாள்.

அவர் திமிறவில்லை. அவளுக்காகக் கையைக்கூட ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷம். இருபது. கை மரத்தது. தோள் நடுங்கியது. தெருவில் ஒரு குழந்தை சிரித்தது. நாற்பது. அடியில் ஏதோ நொறுங்கிய மெல்லிய சத்தம். மூக்கெலும்பாக இருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம். வெயில் தரையில் ஒரு முழம் நகர்ந்திருந்தது. இனி யாராலும் முடியாது. எவராலும்.

தலையணையை எடுத்தாள்.

நெஞ்சு அசையவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பில்லை. தோல் குளிர்ந்திருந்தது. அவள் காத்திருந்தாள். பதினொரு நிமிஷம். இருபது. சத்தமில்லை. அந்தத் துருச் சத்தம் இல்லை. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். சத்தமாகவே அழுதாள்.

உதடு அசைந்தது.

குரல் வரவில்லை. காற்று இல்லை. உதடு மறுபடி அதே வடிவத்தில் அசைந்தது. மூன்றாம் தடவை. அவள் அதைப் படித்தாள்.

கை வலிக்குதா?

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. ஜன்னல் வழியாக ஓர் ஈ வந்தது. வெயிலில் ஒரு வட்டம் அடித்தது. திறந்திருந்த அவர் வலது கண்ணின் வெள்ளையில் உட்கார்ந்தது. அவர் இமைக்கவில்லை. ஈ நடந்தது. வெள்ளையைத் தாண்டிக் கருமணிக்கு வந்து, நின்று, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

அவள் சுவரோரமாகக் கதவை நோக்கி நகர்ந்தாள். ஈயின் காலடியில் அந்தக் கருமணி மெல்லத் திரும்பி, அவள் கூடவே நகர்ந்தது.